கடலுக்கு அப்பால்: அந்தமான் நிக்கோபார் குடியேற்றங்களில் முன்முடிவுகள் உருவானதும் கலைந்ததும்

முன்னுரை

புலம்பெயர்வோர் தம் உடைமைகளோடு, தாம் செல்லவிருக்கும் நிலத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பையும் சுமந்தே செல்கின்றனர். பிறர் சொல்லக் கேட்டும், கதைகளிலும் திரைப்படங்களிலும் கண்டும், சொந்த ஊரின் அளவுகோலால் அளந்தும், நேரில் பார்ப்பதற்கு முன்பே ஒருவர் மனத்தில் உறுதிப்பட்டுவிடும் அத்தீர்ப்பே இக்கட்டுரையில் முன்முடிவு எனப்படுகிறது. அமெரிக்க இதழாளரான வால்டர் லிப்மன் 1922இல் வெளியிட்ட பொதுக்கருத்து பற்றிய நூலில், மனிதர் உலகைக் கண்டபின் வரையறுப்பதைவிட வரையறுத்தபின் காண்பதே மிகுதி என்று வாதிட்டு, அச்சுக்கூடத்து வார்ப்புப் பலகையின் பெயரை இத்தகைய மனப்படிமங்களுக்கு இட்டார். 1954இல் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், இருவேறு குழுவினர் சமநிலையிலும், பொதுவான இலக்கோடும், ஒருவரோடொருவர் ஒத்துழைத்தும், சட்டம் அல்லது அதிகாரத்தின் ஆதரவோடும் பழகும்போதே அவர்களுக்கிடையிலான முன்முடிவுகள் தளரும் என்ற கொள்கையை முன்வைத்தார். குடிப்பெயர்ச்சி குறித்து இன்று எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி இவ்விருவர் கருத்துகளின் விரிவே எனலாம்.

இக்கொள்கைகளை உரைத்துப் பார்க்க அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைப் போன்ற களம் இந்தியாவில் வேறொன்று இல்லை. சட்டத்தின் பார்வையில் அவை இந்தியாவின் பகுதியே எனினும், சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல்வழித் தொலைவில், மூன்று நாள் கப்பல் பயணத்துக்கு அப்பால், பர்மாவுக்கும் சுமத்ராவுக்கும் அண்மையில் கிடக்கும் அத்தீவுகளுக்குப் புறப்பட்டவர்களுக்கு அப்பயணம் அயல்நாட்டுப் பயணத்திலிருந்து வேறுபட்டதாக இருக்கவில்லை. 1951இல் 30,971 ஆக இருந்த மக்கள்தொகை 2011இல் 3,80,581 ஆக உயர்ந்தது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13 விழுக்காடு என்பதைக் காணும்போது, அங்கு வாழ்வோரில் மிகப்பெரும்பாலோர் வந்தேறியவர்களோ வந்தேறியவர்களின் வழிவந்தோரோ ஆவர் என்பது விளங்கும்.

இக்குடியேறிகளின் முன்முடிவுகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, இடத்தைப் பற்றியது. இரண்டாவது, தம்மோடு குடியேறிய பிறரைப் பற்றியது. மூன்றாவது, தமக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்களைப் பற்றியது. முதலாவது ஒரு தலைமுறைக்குள் கலைந்தது. இரண்டாவது மெல்ல மெல்லத் தளர்ந்தது. மூன்றாவது வடிவம் மாறியதேயன்றி இன்னும் மறையவில்லை. இவ்வேறுபாட்டுக்கான காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடத்தைப் பற்றிய அச்சத்தின் வேர்கள்

அந்தமானைப் பற்றிய அச்சக் கதைகள் ஆங்கிலேயர் வருகைக்கு நெடுங்காலம் முற்பட்டவை. ஒன்பதாம் நூற்றாண்டு அரபுப் பயணக் குறிப்புகள் அத்தீவினரை மனித இறைச்சி உண்போராகக் காட்டின. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழிச் சென்ற மார்க்கோ போலோவின் நூல் அவர்களுக்கு நாய்முகமும் கொடுத்தது. நரமாமிசம் உண்ணும் வழக்கம் அங்கு இருந்ததற்கான சான்று எதுவும் பின்னாளைய ஆய்வுகளில் கிடைக்கவில்லை. ஆயினும் கரையொதுங்கிய கப்பலினரை அத்தீவினர் அம்பெய்து விரட்டினர் என்ற ஓர் உண்மையின் மேல் இக்கதைகள் கட்டப்பட்டிருந்ததால், அவற்றை மறுக்க எவரும் முனையவில்லை.

இந்த அச்சத்தோடு சமய அச்சமும் சேர்ந்தது. கடல் கடந்தால் சாதி கெடும் என்ற நம்பிக்கை வட இந்திய மேல்சாதியினரிடம் வலுவாக இருந்த காலத்தில், கடலுக்கு அப்பாலான தண்டனைக் குடியேற்றம் ‘காலாபாணி’, அதாவது கருங்கடல், என்று வழங்கப்பட்டது. உயிரை மட்டுமன்றி உறவையும் சடங்குத் தூய்மையையும் இழக்கச் செய்யும் தண்டனையாக அது கருதப்பட்டதால், அவ்வச்சமே ஆட்சியாளர்களுக்கு ஒரு கருவியாயிற்று. ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789இல் நிறுவிய முதல் குடியேற்றம், சில ஆண்டுகளில் வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டு, நோயும் சாவும் மிகுந்ததால் 1796இல் கைவிடப்பட்டமை அவ்விடத்தின் தீப்பெயரை மேலும் உறுதிப்படுத்தியது. 1857 எழுச்சிக்குப் பின் மீண்டும் திறக்கப்பட்ட தண்டனைக் குடியேற்றமும், 1896 முதல் 1906 வரை கட்டப்பட்டு ஏழு சிறகுகளாக விரிந்து நின்ற செல்லுலார் சிறையும், தீவு என்றாலே சிறை என்ற ஒரே படிமமாக எல்லாவற்றையும் சுருக்கிவிட்டன.

தமிழ்நாட்டில் இந்தப் படிமம் சற்று வேறுபட்ட வழியில் உருவாயிற்று. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவன் கொண்ட நாடுகளுள் ஒன்றாக மாநக்கவாரத்தை, அதாவது நிக்கோபாரை, குறிப்பிடுகிறது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிழைப்புக்காகவும் வணிகத்துக்காகவும் கப்பலேறியவர்களைப் பல தலைமுறைகளாகக் கண்ட சமூகத்தில் கடல் கடப்பது தன்னளவில் பெரும் அச்சமாக இருக்கவில்லை. இங்கே அச்சம் சிறையைச் சுற்றியே வளர்ந்தது. கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகமாக இருந்து 1952இல் திரைப்படமான ‘அந்தமான் கைதி’, அத்தீவின் பெயரைக் கைதியோடு பிணைத்தது; 1978இல் வந்த ‘அந்தமான் காதலி’ அதே பெயரைக் காதலோடும் கடற்கரைக் காட்சிகளோடும் பிணைத்தது; 1996இல் ‘சிறைச்சாலை’ மறுபடியும் பழைய படிமத்துக்கே திரும்பியது. இம்மூன்றும் கரையிலிருந்து தீவைப் பார்த்த பார்வைகளே. அங்கு வயலுழுதும் கடை நடத்தியும் அரசு அலுவலகத்தில் கோப்பெழுதியும் வாழ்ந்த தமிழர்கள் இவற்றின் தலைப்புகளில்கூட இடம்பெறவில்லை.

தண்டனைக் குடியேற்றம்: அச்சம் முதலில் உடைந்த இடம்

1858ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜே. பி. வாக்கர் என்ற கண்காணிப்பாளரின் பொறுப்பில் 200 கைதிகள் போர்ட் பிளேரில் இறக்கப்பட்டனர். தொடக்க மாதங்களிலேயே பலர் தப்பியோடினர். காட்டைக் கடந்தால் பர்மாவை அடைந்துவிடலாம் என்ற தவறான நம்பிக்கை அவர்களிடையே பரவியிருந்தது. அவ்வாறு ஓடியவர்களுள் ஒருவரான தூத்நாத் திவாரியின் வரலாறு, முன்முடிவு பற்றிய ஆய்வில் தனிக் கவனம் பெறத்தக்கது. அவருடன் சென்றவர்கள் அம்புகளுக்கு இரையாக, காயத்தோடு பிடிபட்ட அவரை அந்தமானியர் கொல்லாது தம்மோடு வைத்துக்கொண்டனர். ஓராண்டுக்கும் மேலாக அவர்களோடு அலைந்து, அவர்கள் மொழியைக் கற்று, அவர்கள் பெண்ணை மணந்து வாழ்ந்த அவர், 1859 மே மாதத்தில் குடியேற்றத்தைத் தாக்க அவர்கள் திரண்டபோது முன்கூட்டியே ஓடிவந்து ஆங்கிலேயரிடம் செய்தி சொன்னார். அதன் பயனாக மே 17 அன்று நடந்த அபர்தீன் மோதலில் அந்தமானியர் தோற்றனர். திவாரிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. மனித இறைச்சி உண்போர் என்று அஞ்சப்பட்டவர்கள் அயலான் ஒருவனுக்கு உணவும் உறவும் கொடுத்ததையும், அவ்வுறவைப் பெற்றவன் தன் பழைய அணிக்கே திரும்பியதையும் ஒருசேரக் காட்டும் இந்நிகழ்ச்சி, நெருங்கிப் பழகுவது மட்டுமே முன்முடிவின் விளைவுகளை மாற்றிவிடாது என்பதற்கு ஆரம்பகாலச் சான்றாகும். அறிவு வந்தது, அதிகாரச் சமன் வரவில்லை.

கைதிகளின் அச்சம் கலைந்தது வேறொரு வழியில். குறிப்பிட்ட ஆண்டுகள் நன்னடத்தையோடு கழித்தவர்களுக்குச் சிறைக்கு வெளியே தங்கி, நிலம் பெற்று, சொந்த உழைப்பில் வாழ அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. அவர்கள் பெண் கைதிகளை மணந்துகொள்ளவும் இடமளிக்கப்பட்டது. மொழி, சாதி, சமயம் என்ற எல்லைகளைத் தாண்டி நடந்த இத்திருமணங்களிலிருந்து ‘லோக்கல் பார்ன்’ எனப்படும் தீவில் பிறந்த சமூகம் உருவாயிற்று. கடல் கடந்ததால் சாதி கெட்டது என்று தாயகத்தில் எது அஞ்சப்பட்டதோ அதுவே இங்கு ஒரு புதிய சமூகத்தின் அடித்தளமாயிற்று. அச்சத்தைத் தண்டனையாகப் பயன்படுத்திய அரசுக்கு அதைப் போக்கும் ஆர்வம் இருக்கவில்லை. வயலும் வீடும் பிள்ளைகளுமே அதைப் போக்கின. அதற்குப் பிறகும் தாயகத்தினர் இவர்களைக் கைதிகளின் வாரிசுகள் என்றே நோக்கினர் என்பதிலிருந்து, சென்றவரின் முன்முடிவு கலைந்தாலும் செல்லாதவரின் முன்முடிவு அப்படியே நிற்கும் என்பது தெரிகிறது.

1921ஆம் ஆண்டு மலபார் எழுச்சிக்குப் பின் அனுப்பப்பட்ட மாப்பிள்ளை முஸ்லிம்கள் தெற்கு அந்தமானில் குடியமர்ந்து, மஞ்சேரி, திரூர், வண்டூர், கள்ளிக்கோட்டை என்று தம் ஊர்ப்பெயர்களையே புதிய ஊர்களுக்கு இட்டனர். 1918 முதல் சோட்டாநாகபுரிப் பகுதியிலிருந்து கிறித்தவ அமைப்பொன்றின் வாயிலாகக் காட்டு வேலைக்கு அழைத்துவரப்பட்ட பழங்குடித் தொழிலாளர் ‘ராஞ்சிகள்’ என்ற பொதுப்பெயர் பெற்றனர். 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் மாயாபந்தர் வட்டாரத்தில் ஊர் அமைத்தனர். அறியாத நிலத்துக்கு அறிந்த பெயரை இடுவது அச்சத்தை அடக்கும் பழைய வழி. ஆனால் அவ்விடங்களுக்கு முன்பே இருந்த பெயர்கள் அதனால் மறக்கப்பட்டன என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அகதிகளும் நிலமும்

நாட்டுப் பிரிவினையால் கிழக்கு வங்காளத்திலிருந்து வெளியேறியவர்களை அந்தமானில் குடியமர்த்தும் திட்டம் 1949இல் தொடங்கியபோது, முன்முடிவு முதன்முறையாக அரசியல் விவாதமாயிற்று. மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர ராய் இத்திட்டத்தை ஆதரித்தார். இடதுசாரி அகதி அமைப்புகளோ, ஏற்கெனவே வேரிழந்தவர்களைக் காலாபாணிக்கு நாடுகடத்துவதாக அதை எதிர்த்தன. கொல்கத்தாவின் அகதி முகாம்களில் இருந்தோர் ஒருபுறம் அரசின் வாக்குறுதிகளையும் மறுபுறம் சிறைத்தீவின் கதைகளையும் கேட்டுக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் நாமசூத்திரர் எனப்படும் உழவர் சமூகத்தைச் சேர்ந்த குடும்பங்கள் கப்பலேறின.

குடும்பம் ஒன்றுக்கு 10 ஏக்கர், அதில் ஏறத்தாழப் பாதி நெல்லுக்கான சமநிலம், மீதி மேட்டுநிலம் என்பது வாக்குறுதி. ஆற்றுப்படுகையின் வண்டலில் பயிரிட்டுப் பழகியவர்கள் வந்து கண்டது, பெருமரங்கள் வெட்டப்பட்டும் வேர்க்கட்டைகள் தோண்டப்படாத நிலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தும் சரிவுகளில் நீர் தங்காது கடலுக்கு ஓடியது; ஏர் ஓட்ட முடியாத இடங்களில் கட்டைகளுக்கிடையே விதைக்க வேண்டியிருந்தது; ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் கதிரை மேய்ந்தன; ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது (1942–45) கொண்டுவரப்பட்ட பெருநத்தைகள் காய்கறிச் செடிகளை அழித்தன. அச்சுறுத்திய சிறையை அவர்கள் சந்திக்கவேயில்லை. எவரும் எச்சரிக்காத மானும் நத்தையும் மலைச்சரிவுமே அவர்களைச் சோதித்தன. சிலர் திரும்பிப் போயினர். தங்கியவர்கள், காட்டு வேலையில் தேர்ந்த ராஞ்சித் தொழிலாளரின் துணையோடு நிலத்தைத் திருத்தி, கடல்மீன் உண்ணவும் மேட்டுநிலத்தில் தென்னையும் பாக்கும் வைக்கவும் கற்றுக்கொண்டனர். ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர், ஹேவ்லாக், நீல் ஆகிய இடங்களில் அடுத்தடுத்து வங்க ஊர்கள் எழுந்தன. மக்கள்தொகை 1951க்கும் 1961க்கும் இடையில் இரட்டிப்பாகி 63,548ஐ எட்டியது.

இங்கிருந்து பெறத்தக்க கருத்து ஒன்றுண்டு. முன்முடிவுகளை வெல்வது பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் மனப்பாங்கை மாற்றிக்கொள்ளுமாறு குடியேறிக்குச் சொல்கின்றன. அந்தமானில் மனப்பாங்கை மாற்றியது உரிமையோடு கிடைத்த நிலமும், முதல் விளைச்சலுக்குப் பின் உறவினருக்குச் சென்ற செய்தியும் ஆகும். அரசின் விளம்பரத்தை நம்பாத ஒருவர், முன்னே சென்ற மைத்துனரின் கடிதத்தை நம்பினார். புலம்பெயர்வு ஆய்வாளர் சங்கிலித்தொடர் குடிப்பெயர்ச்சி என அழைக்கும் இம்முறை, ஒருவர் பின் ஒருவராக உறவினர் செல்வதை மட்டும் குறிப்பதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அச்சம் கலையும் வழியும் அதுவே.

தமிழர்களும் கச்சால் தீவும்

தமிழர்களில் பெரும்பாலோர் அரசின் நிலத்திட்டங்களின் வழியாக அன்றி, துறைமுகம், சாலை, கட்டடம் ஆகிய பணிகளுக்கும் வணிகத்துக்கும் அரசுப் பணிக்கும் வந்தவர்கள். சென்னைத் துறைமுகத்தில் பங்க் வகுப்புச் சீட்டெடுத்து, அடுக்குப் படுக்கைகளில் மூன்று நாள் கிடந்து, ஹாடோ துறையில் இறங்கியவர்களுக்கு அங்கே ஏற்கெனவே ஊர்க்காரர் ஒருவர் இருப்பார் என்பதே துணிவாக இருந்தது. சிறைத்தீவு என்ற கதையைவிட, நல்ல கூலி என்ற செய்தி வேகமாகப் பரவியது. இன்றும் காய்கறியும் மளிகையும் சென்னையிலிருந்து கப்பலில் வருவதும், அவ்வணிகத்தில் தமிழர் பெரும்பங்கு வகிப்பதும் இப்பின்னணியின் தொடர்ச்சியாகும்.

இவர்களிலிருந்து முற்றிலும் வேறுபட்டது, நிக்கோபார்த் தொகுதியின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத்துக்காகக் குடியமர்த்தப்பட்ட இலங்கை மலையகத் தமிழரின் நிலை. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. ‘தாயகம் திரும்புவோர்’ என்று ஆவணங்களில் குறிக்கப்பட்ட இவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்து, தேயிலைத் தோட்டங்களைத் தவிர வேறு ஊரை அறியாதவர்கள். பாட்டனின் ஊரே தம் ஊர் என்ற முன்முடிவு அரசுகள் இரண்டுக்கும் இருந்தது. திரும்பியவர்களில் பலருக்கும் அந்த எதிர்பார்ப்பு இருந்தது. தமிழ்நாட்டில் இறங்கியவர்களை அங்கிருந்தோர் ‘சிலோன்காரர்’ என்றபோது அது கலைந்தது. கச்சாலுக்கு அனுப்பப்பட்டவர்களோ தாயகமும் அல்லாத, பிறந்த நாடும் அல்லாத மூன்றாவது நிலத்தில் நிறுத்தப்பட்டனர்.

அங்கு அவர்களுக்கு அண்டையில் வாழ்ந்தவர்கள் நிக்கோபாரியர். தென்னையும் பன்றியும் வளர்த்து, ‘துஹேத்’ எனப்படும் பெருங்கூட்டுக் குடும்பத்தின் உடைமையாக நிலத்தைக் கொண்டு, ஊர்த்தலைவரைக் ‘கேப்டன்’ என்று அழைத்து வாழும் அம்மக்களின் நிலமுறை, கங்காணியும் துரையும் கணக்கப்பிள்ளையும் ஆண்ட தோட்ட முறையில் வளர்ந்தவர்களுக்கு முற்றிலும் புதிது. தோட்டம் அரசினுடையது; தீவு நிக்கோபாரியருடையது; உழைப்பு மட்டுமே வந்தவர்களுடையது. ஆல்போர்ட் கூறிய நிபந்தனைகளுள் பொதுவான இலக்கோ சமநிலையோ இங்கு அமையவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் கச்சால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டும் காணாமலும் போயினர். கடல் பழங்குடியினரையும் வந்தேறிகளையும் ஒன்றுபோல் வாரிக்கொண்டது; மறுவாழ்வு ஏற்பாடுகளோ இரு சாராரையும் வெவ்வேறு சட்டநிலைகளில் வைத்தே நடந்தன.

1969 முதல் பெரிய நிக்கோபாரின் கேம்பல் விரிகுடாப் பகுதியில் பஞ்சாப், மராட்டியம், கேரளம், தமிழ்நாடு முதலிய பகுதிகளைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. பல மொழியினராயினும் படைப்பணி என்ற பொதுவாழ்வும் ஒரே அளவு நிலமும் கொண்டிருந்த இவர்களிடையே உறவு விரைந்து வளர்ந்தது. கச்சாலோடு ஒப்பிடும்போது, முன்முடிவு கலையும் வேகத்தைத் தீர்மானிப்பது குடியேறிகளின் குணமன்று, அவர்கள் வைக்கப்படும் நிலையே என்பது தெளிவாகும்.

குடியேறிகள் ஒருவரையொருவர் அறிந்த முறை

போர்ட் பிளேரின் அபர்தீன் கடைத்தெருவில் தமிழ் மளிகைக்காரர், வங்க மீன்வணிகர், தெலுங்கு மீனவர், மலையாளத் தையற்காரர் ஆகியோர் தம்முள் பேசிக்கொள்வது இந்தியில். அதுவும் எந்த வட மாநிலத்தின் இலக்கண இந்தியும் அன்று, கைதிகள் காலத்திலிருந்து பல மொழிச் சொற்களை ஏற்றுத் திரண்ட தீவின் இந்தி. தமிழ்நாட்டில் அரசியல் எதிர்ப்புக்கு உள்ளான ஒரு மொழி, இங்கே தமிழருக்கும் பிறருக்கும் எவருடைய தனியுரிமையும் அல்லாத பொதுமொழியாயிற்று. வெற்றிமலை முருகன் கோயிலின் பங்குனி உத்திரத்தில் பிற மொழியினரும், துர்கை பூசைப் பந்தல்களில் தமிழரும் கலந்துகொள்கின்றனர். மொழி கடந்த திருமணங்கள் வியப்புக்குரியனவாகக் கருதப்படுவதில்லை. தாயகத்தில் ஒருவரை முதலில் அடையாளப்படுத்தும் சாதி, இங்கே பின்னுக்குச் சென்று மொழி முன்னுக்கு வந்தது.

எனினும் ‘சிறிய இந்தியா’ என்ற பெருமைப்பெயர் சில உண்மைகளை மறைக்கிறது. தீவுகளுக்கென்று பட்டியல் சாதிகள் அறிவிக்கப்படவில்லை; அதனால் தாயகத்தில் அத்தகுதி பெற்றோர் இங்கே அதை இழக்கின்றனர். சோட்டாநாகபுரியில் பட்டியல் பழங்குடியினராக உள்ள சமூகங்கள் இங்கே அவ்வாறு ஏற்கப்படாமல், காடு வெட்டவும் சாலை போடவும் வந்த ‘ராஞ்சி’ என்ற பழைய படிமத்துக்குள்ளேயே நிறுத்தப்பட்டுள்ளன. வங்க அகதிக்கு நிலம் கொடுத்த அரசு, அந்நிலத்தைத் திருத்திய தொழிலாளிக்கு அதே உரிமையைக் கொடுக்கவில்லை. 1942க்கு முன் வந்தவர், பின் வந்தவர் என்ற பாகுபாடும், நிலம் பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடும் புதிய அடுக்குகளை உருவாக்கின. ஆல்போர்ட்டின் நிபந்தனைகள் நிறைவேறிய இடங்களில் முன்முடிவு தளர்ந்ததையும், சமநிலை இல்லாத இடத்தில் அது ஊன்றி நின்றதையும் தீவுகளின் சமூக வரலாறு ஒருங்கே காட்டுகிறது.

முன்பே இருந்தவர்கள்

மூன்றாவது முன்முடிவு, தீவுகள் வெற்றிடம் என்பதாகும். சர்வதேசச் சட்ட வரலாற்றில் எவருக்கும் உரிமையில்லாத நிலம் என்ற கருத்து ஆஸ்திரேலியாவிலும் பிற இடங்களிலும் குடியேற்றத்தை நியாயப்படுத்தியதைப் போலவே, இங்கும் காடு யாருடையதும் அன்று என்ற எண்ணம் ஆங்கிலேயர் காலத்திலிருந்து விடுதலைக்குப் பிந்தைய திட்டங்கள் வரை தொடர்ந்தது. அதன் விலையைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. 1858இல் சில ஆயிரம் பேராக மதிப்பிடப்படும் பெரிய அந்தமானியர் 1901இல் 625 ஆகவும், 1931இல் 90 ஆகவும், 1961இல் 19 ஆகவும் சுருங்கினர். 1877இல் பரவிய தட்டம்மை உள்ளிட்ட நோய்களே இதற்கு முதன்மைக் காரணம். சிறிய அந்தமானின் ஓங்கே மக்கள் 1901இல் 672 ஆக இருந்து 2011இல் 101 ஆயினர். 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற முதியவள் மறைந்தபோது ‘போ’ மொழியைப் பேசும் கடைசிக் குரலும் மறைந்தது.

பகைமை கொண்டவர்கள் என்ற படிமமும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. 1880இல் எம். வி. போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி வடக்கு சென்டினல் தீவிலிருந்து ஒரு முதிய இணையையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். அனைவரும் நோயுற்று, முதியவர் இருவரும் இறக்க, குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி விடப்பட்டனர். அதற்குப் பின் அத்தீவினர் வருவோரை அம்பால் எதிர்கொள்வதைக் காரணமற்ற வெறி என்று கருதுவது வரலாற்றை மறப்பதாகும். அயலாரைப் பற்றி அவர்கள் கொண்டுள்ள கருத்துக்கு அனுபவத்தின் அடிப்படை உண்டு. அவர்களைப் பற்றி அயலார் கொண்ட கருத்துக்கே அது இருக்கவில்லை.

1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அவர்களின் பகுதிகளுக்குள் பிறர் நுழைவதைத் தடைசெய்தது. ஆயினும் அப்பழங்குடியினருள் ஒரு பிரிவினரான ஜாரவாக்களின் காட்டை ஊடறுத்து அந்தமான் பெருஞ்சாலை போடப்பட்டது. நெடுங்காலம் விலகியிருந்த ஜாரவாக்கள் 1997–98இல் தாமாகவே குடியேற்ற ஊர்களுக்கு வரத் தொடங்கினர். அடுத்த ஆண்டே அவர்களிடையே தட்டம்மை பரவியது. காப்புக்காட்டுக்குள் செல்லும் சாலைப் பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டும் போக்குவரத்து நிற்கவில்லை. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் குறித்த வேளைக்காக வரிசையில் நிறுத்தப்படுகின்றன. பெயர்ப்பட்டியல் சரிபார்க்கப்பட்டு, நிற்கவும் படமெடுக்கவும் உணவு கொடுக்கவும் கூடாதென்று எச்சரிக்கப்பட்டு, காவல் வண்டிக்குப் பின்னால் அணியாக மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை செல்கின்றன. பயணிகளில் பலர் செல்வது பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகளைக் காண என்று சொல்லப்பட்டாலும், வழியில் ஜாரவாக்களைக் காணும் ஆவல் பலரிடம் வெளிப்படையாகவே உண்டு. உணவுக்காக ஜாரவாப் பெண்கள் ஆடவைக்கப்பட்ட காணொளி 2012இல் வெளியாகி உலகெங்கும் கண்டனம் எழுந்தது. காட்டுமிராண்டி என்ற பழைய முன்முடிவு, காட்சிப்பொருள் என்ற புதிய முன்முடிவாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே ஆல்போர்ட்டின் கொள்கை தன் எல்லையைத் தொடுகிறது. நெருக்கம் முன்முடிவைப் போக்கும் என்பது, இரு சாராருக்கும் நெருங்கவும் விலகவும் உரிமையுள்ளபோது மட்டுமே பொருந்தும். நோயெதிர்ப்பு ஆற்றல் இல்லாத சிறு கூட்டத்தாருக்கு நெருக்கமே அழிவாகும் நிலையில், விலகி நிற்பதே மதிப்பளிக்கும் முறையாகிறது. 2004 ஆழிப்பேரலையின்போது ஓங்கே மக்கள் உரிய வேளையில் மேட்டுநிலத்துக்கு ஏறித் தப்பியமை, அந்நிலத்தைப் பற்றிய அறிவு எவரிடம் இருந்தது என்பதைக் குடியேறிகளுக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இடத்தைப் பற்றிய அச்சம் அறிவுரையால் அன்றி, உரிமையோடு கிடைத்த நிலத்தாலும் வேலையாலும் முன் சென்ற உறவினரின் சொல்லாலும் கலைகிறது. அவ்வச்சம் முழுவதும் பொய்யாகவும் இருப்பதில்லை என்பதால், அதைக் கேலி செய்வதைவிடப் பிரித்தறிவதே பயன் தரும். இரண்டாவது, உடன் குடியேறியவர்களைப் பற்றிய முன்முடிவு, பொதுமொழியும் ஒத்த நிலையும் அமையும் அளவுக்கே தளர்கிறது. மூன்றாவது, முன்பே இருந்தவர்களைப் பற்றிய முன்முடிவைக் கலைக்கும் கட்டாயம் குடியேறிகளுக்கு ஒருபோதும் ஏற்படவில்லை. ஏனெனில் அது கலையாமல் இருப்பதாலேயே நிலம் கிடைத்தது.

பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டுள்ள நிலையில், சில ஆயிரம் பேர் வாழும் அத்தீவை நோக்கி மேலும் ஒரு பெருங்குடியேற்றம் வரவிருக்கிறது. அத்தீவின் காட்டில் வாழும் ஷோம்பேன் மக்கள் 2011 கணக்கெடுப்பின்படி 229 பேர். வரவிருப்போருக்குக் கடலைப் பற்றிய அச்சமோ சிறையைப் பற்றிய கதைகளோ இராது. வேலையும் வீடும் அவர்களுக்கு முன்கூட்டியே உறுதிசெய்யப்படும். அத்தீவு வெற்றிடம் அன்று என்பதை அவர்கள் கப்பலேறுவதற்கு முன்பே பள்ளிப் பாடநூல்களும் பணியமர்த்தும் நிறுவனங்களும் அரசும் சொல்லியாக வேண்டும். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் குடியேற்றங்கள் எவற்றிலும் அது சொல்லப்படவில்லை.